மூணு தரம் சொல்வதற்குள்

காரிமங்கலம்
4.8.2025

திரு. பெ. முருகேஷ் அவர்களுக்கு,

ஆசைப்பட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. குடும்ப ஆலோசனை மையத்தில் சுகுணா மேடம் சொன்னதற்காக எழுதுகிறேன். நம் இருவருக்கும் இரண்டு மாதத்துக்கு போன் கிடையாது, எதுவானாலும் கடிதம்தான் என்று அவர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். விழவில்லை என்றாலும் ஆச்சரியமில்லை. போன புதன்கிழமை அவர் முன்னால் நீங்கள் பேசிய பேச்சில் பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். நீயும்தானே பேசினாய் என்பீர்கள். பேசினேன். என்னை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று மேடத்தின் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த உங்கள் மகள் வெண்மதி தலையை வெளியே நீட்டி, "கத்துறதுன்னா என்னா? எதுக்குக் கத்துறாங்க?" என்று அவரிடம் கேட்டாள். நாலரை வயதுப் பிள்ளை. மேடம் அவளுக்குப் பதில் சொல்லாமல் நம்மைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே தாள்ல பதில் எழுதுங்க. கொழந்தைக்குப் புரியணும். ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கணும். இருபத்தொன்பதாம் தேதி கொண்டாங்க. அது வரைக்கும் ஞாயித்துக்கிழமை அப்பா வூட்டுக்கு அனுப்பறது வேணாம்."

உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றால் கீழே உள்ளதில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எழுதுகிற சிரமத்தை உங்களுக்கு வைக்கவில்லை.

"கண்ணு, கத்துவது என்றால் குரலைத் தேவைக்கு மேல் பெரிதாக்குவது. கோபமோ பயமோ பசியோ வந்து, அதைச் சொல்ல வார்த்தை தெரியாதபோது குரல் பெரிதாகிவிடுகிறது. வார்த்தை தெரிந்தவர்கள் கத்த மாட்டார்கள். யாராவது கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு ஐந்து வரை எண்ணு. அவர்களுக்கு வார்த்தை கிடைக்கிற வரை பொறுத்துக்கொள்."

என் அங்கன்வாடியில் இருபத்திரண்டு குழந்தைகளுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறேன். மூன்று வயதுக் குழந்தைக்குப் புரிகிறது. உங்களுக்குப் புரியவில்லை என்றால் சொல்லுங்கள், இன்னும் கீழே இறங்கி எழுதித் தருகிறேன்.

வெ. கலைமதி


பாலக்கோடு
7.8.2025

அங்கன்வாடி டீச்சரம்மா கலைமதிக்கு,

கடிதம் கிடைத்தது. சத்துமாவுப் பதிவேட்டில் எழுதுகிற அதே கையெழுத்து, அதே மிடுக்கு. மேலதிகாரி வந்து பார்த்தால் பாராட்டிவிட்டுப் போவார்.

வார்த்தை தெரிந்தவர்கள் கத்த மாட்டார்களாம். நான் பன்னிரண்டாவதில் தமிழில் உன்னைவிட ஒன்பது மார்க் அதிகம் எடுத்தவன். மார்க் ஷீட் பீரோவில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள். எனக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை.

ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தக்காளி மார்க்கெட்டுக்கு வா. இந்த ஆறு வருடத்தில் நீ வந்ததே இல்லை, நாற்றம் அடிக்கும் என்று. லாரி ஒரு பக்கம் உறுமும், டிராக்டர் ஒரு பக்கம் பின்னால் வரும், முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பெங்களூரு வியாபாரி கன்னடத்தில் விலை கேட்பான், சித்தூர்க்காரன் தெலுங்கில் கேட்பான். நடுவில் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நிற்கிறவன் நான். அங்கே நின்று காதைப் பொத்திக்கொண்டு ஐந்து வரை எண்ணச் சொல்கிறாய். எண்ணி முடிப்பதற்குள் மூன்று மாதம் தண்ணீர் கட்டியவனின் சரக்கு பாதி விலைக்குப் போய்விடும். அவன் என் சட்டையைப் பிடிப்பான். அவனுக்கும் நீ கூடத்தில் ஒட்டிய சார்ட்டைக் காட்டவா?

பதினோரு வருடமாக ஏலம் விடுகிறேன். ஒருவன் கேட்ட விலையை ஒரு நாளும் தவற விட்டதில்லை. அதில் எங்கள் மார்க்கெட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்காது. மூணு தரம் சொல்லியாகிவிட்டால் சரக்கு போனது போனதுதான், யார் வந்தாலும் திருப்ப முடியாது. ஒரே ஒரு வழிதான் உண்டு. மூணு தரம் முடிவதற்குள் யாரோ விலை கேட்டு, அது ஏலக்காரன் காதில் விழாமல் போயிருந்தால், அவன் அதே பெட்டி மேல் ஏறி, "கேட்ட விலைய நான் வுட்டுட்டேன், தப்பு என்து" என்று மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி மூன்று தடவை கத்த வேண்டும். அப்புறம்தான் மறுபடி ஏலம். எங்கள் மார்க்கெட்டின் இன்னொரு ஏலக்காரன் மாரப்பன் ஒரே ஒரு முறை அப்படிக் கத்தினான். நாலு வருடம் ஆகிறது. இன்றைக்கும் டீக்கடையில் அவனுக்கு டீயை நீட்டும்போது மூணு தரம் சொல்லித்தான் நீட்டுகிறார்கள். நான் மாரப்பன் இல்லை.

உன் தாளைக் கிழித்துவிட்டேன். இதுதான் பதில்:

"பாப்பா, தூரத்தில் இருக்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்றால் கத்த வேண்டும். கூட்டத்தில் கேட்க வேண்டும் என்றாலும் கத்த வேண்டும். காதில் வாங்காத ஆளுக்கும் கத்தித்தான் ஆக வேண்டும். அப்பாவுக்குக் கத்துவது வேலை. அந்தக் கத்தலில்தான் நம் வீட்டில் சோறு வேகிறது. அம்மாவுக்குக் கத்தல் பிடிக்காது, சோறு பிடிக்கும்."

கையெழுத்துப் போட்டு அனுப்பு. பாப்பா என்னோடு இல்லாமல் ஐந்து ஞாயிறு ஆகிறது.

முருகேஷ்


காரிமங்கலம்
10.8.2025

திரு. முருகேஷ் அவர்களுக்கு,

தூரத்தில் இருப்பவருக்குக் கேட்பதற்காகக் கத்துகிறீர்கள். நல்லது. நம் சமையலறைக்கும் கூடத்துக்கும் ஒன்பதடி. டைல்ஸ் போட்ட அன்று நீங்கள்தான் டேப்பைப் பிடித்தீர்கள். அந்த ஒன்பதடியில் எந்த லாரி உறுமியது? எந்த சித்தூர் வியாபாரி நின்றான்? குழம்பில் உப்பு இல்லை என்பதை பக்கத்து வீட்டு நஞ்சம்மா அக்காவின் மாடு திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னீர்களே, அது யாருடைய சரக்குக்காக?

சார்ட்டைப் பற்றி நீங்களே பேச்செடுத்தீர்கள். அங்கன்வாடியில் மிச்சமிருந்தது. வாயைத் திறந்த முகம், அதன் மேல் சிவப்புக் கோடு, கீழே "மெதுவாகப் பேசுவோம்". கூடத்தில் ஒட்டினேன். வெண்மதிக்காக என்று அன்று சொன்னேன். உங்களுக்காகத்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் உங்கள் மார்க்கெட் ஆட்கள் நான்கு பேர் சாப்பிட வந்து அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களிடம் நீங்கள் கத்தவில்லை. அவர்கள் கை கழுவிப் போகிற வரை நீங்களும் சேர்ந்து பல்லைக் காட்டினீர்கள். செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு என்னிடம் ஆரம்பித்தீர்கள். ஆள் பார்த்து வருகிற கத்தலுக்கு வேலை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

நான் எங்கள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். கோபத்தில் எல்லாப் பெண்களும் சொல்வதுதான். புருஷன் என்றால் போ என்பான், இல்லை போகாதே என்பான். நீங்கள் வாசலில் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று, தெருவே பார்க்க, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று என்னை ஏலம் விட்டீர்கள். அடிபட்ட தக்காளியை ஓரமாகத் தள்ளுவது போலத் தள்ளினீர்கள். நஞ்சம்மா அக்கா பிழிந்த துணியைக் கொடியில் போடக்கூட மறந்து நின்றார். வெண்மதி வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூணு தரம் சொன்னால் போனது போனதுதான் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். அதனால் போனேன்.

உங்கள் பதிலில் கையெழுத்துப் போட மாட்டேன். கடைசியில் ஒரு வரி சேருங்கள், போடுகிறேன்: "திருப்பிக் கத்த முடியாதவர்களிடம் மட்டும் கத்துகிறவருக்குக் கோழை என்று பெயர்."

கலைமதி


பாலக்கோடு
13.8.2025

கலைமதிக்கு,

கோழை என்று எழுதியிருக்கிறாய். நேரில் சொல்லியிருந்தால் என் பதில் காரிமங்கலம் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். மேடம் பேச்சுக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன்.

மூணு தரம் சொன்னது வாய்ப்பழக்கம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வாய். நீ பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாய், எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. இதைப் பெரிதாக்கி ஆலோசனை மையம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவள் நீ.

சரி, உங்கள் வீட்டைப் பற்றிப் பேசலாமா? குரலே உயராத குடும்பம் என்று பெண் பார்த்துவிட்டு வந்து என் அம்மா ஊரெல்லாம் பெருமையடித்தாள். உன் அப்பா வெங்கடாசலம் உன் அம்மாவிடம் பேசி ஏழு வருடம் ஆகிறது. போர்வெல்லை எந்த மூலையில் போடுவது என்ற பேச்சில் நின்றதாமே. சோறு வேண்டும் என்றால் தட்டைத் தரையில் ஒரு தரம் வைப்பார், குழம்பு வேண்டும் என்றால் இரண்டு தரம். காபி போதும் என்றால் டம்ளரைக் கவிழ்ப்பார். உன் அம்மா அந்தச் சத்தத்தைப் படித்துப் படித்தே ஏழு வருடம் குடும்பம் நடத்துகிறாள். தலை தீபாவளிக்கு மூன்று நாள் அங்கே இருந்தேன். நாலாம் நாள் மார்க்கெட்டில் லாரிச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நான் கத்தினால் கத்தி முடித்துவிடுவேன். பத்து நிமிடத்தில் உன்னிடமே வந்து தண்ணீர் கேட்பேன். உங்கள் வீட்டில் யாரும் கத்துவதில்லை, முடிப்பதும் இல்லை. அந்தத் தட்டுச் சத்தத்தில் இப்போது என் பிள்ளை வளர்கிறாள். உன் வரியைச் சேர்க்கிறேன், பக்கத்தில் என் வரியையும் சேர்: "வாயே திறக்காமல் ஏழு வருடம் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்."

இன்னொரு விஷயம். உங்கள் வழி பஸ்ஸில் கண்டக்டராக வருகிற மாதேஷ் நேற்று மார்க்கெட்டுக்கு வந்தான். பாப்பா பஸ்ஸில் கத்திக்கொண்டே வருகிறாள், ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றான். நம் வீட்டில் அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. என்ன நடக்கிறது அங்கே? ஒளிக்காமல் எழுது.

முருகேஷ்


காரிமங்கலம்
17.8.2025

திரு. முருகேஷ் அவர்களுக்கு,

உளவுக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள், அதையும் டிக்கெட் கிழிக்கிற ஆளாகப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மகள் கத்துகிறாள். இங்கே வந்த இரண்டாவது வாரம் ஆரம்பித்தது. பஸ்ஸில் கத்துகிறாள், அங்கன்வாடியில் கத்துகிறாள், சாப்பிட்டு எழுந்தால் கத்துகிறாள். அவளைப் பார்த்து மற்ற இருபத்திரண்டும் கத்துகின்றன. மேற்பார்வைக்கு வந்த அம்மா வாசலிலேயே நின்று, "டீச்சர், அந்த சார்ட்ட உங்க புள்ளைக்கு மொதல்ல காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு வருட வேலையில் இப்படி ஒரு பேச்சு நான் வாங்கியதில்லை. உங்களுக்கு இனிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தருமபுரியில் தொண்டை டாக்டரிடம் காட்டினேன். குரல்வளையில் தடிப்பு இருக்கிறது, மூன்று வாரம் கத்தவே கூடாது, இப்படியே போனால் குரல் நிரந்தரமாகக் கம்மிவிடும் என்றார். இப்போதே தகரத்தை உரசுகிற மாதிரிதான் பேசுகிறாள். அந்தக் குரலை வைத்துக்கொண்டும் கத்துகிறாள். என் அப்பா அவள் கத்த ஆரம்பித்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். ஒரு வார்த்தை அதட்டினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். இதைப் பிடித்துக்கொண்டு ஆடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அங்கன்வாடியில் கொடி ஏற்றினோம். தலைவர் வந்திருந்தார், தாய்மார்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் பேசாமல் நிற்கும்போது வெண்மதி கத்தினாள். நான் அவளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், தோளைப் பிடித்து உலுக்கி, "வாய மூடுடி" என்று கத்தினேன். திரும்பி வந்தால் தாய்மார்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம், நான்தான். வார்த்தை தெரிந்தவர்கள் கத்த மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தவள்.

அவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியவில்லையா? கண்ணாடியில் பாருங்கள். உங்கள் ரத்தம். பெட்டி ஒன்றுதான் பாக்கி, அதையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கலைமதி


பாலக்கோடு
19.8.2025

கலைமதிக்கு,

நீயும் கத்தினாய் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். டீக்கடையில் நின்று அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்தபோது தொண்டை என்று எழுதியிருந்த இடத்தில் கண் நின்றுவிட்டது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரத்தம் என்கிறாய். என் ரத்தமாக இருந்தால் நாலு வருடம் என் பக்கத்தில் இருந்தபோது ஏன் கத்தவில்லை? உன் படிப்புக்கு இது தோன்றவில்லையா?

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார். கத்துகிறாள், கத்துகிறாள் என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். என்ன கத்துகிறாள் என்று ஓர் இடத்திலும் இல்லை. எவ்வளவு பெரிய சத்தத்துக்குள்ளேயும் ஒரு சொல் இருக்கும், டீச்சர். முந்நூறு பேர் சத்தத்தில் அந்த ஒரு சொல்லைப் பொறுக்கி எடுக்கிறதுதான் என் பிழைப்பு. நீ, டாக்டர், உன் மேலதிகாரி, படித்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் வாயை மூடச் சொன்னீர்களே தவிர ஒருவராவது காதைக் கொடுத்தீர்களா?

என்ன சொல்லிக் கத்துகிறாள் என்று கேட்டு எழுது. மேடத்தின் தாள் அப்புறம்.

முருகேஷ்


காரிமங்கலம்
22.8.2025

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எரிச்சல்தான் வந்தது. எனக்குக் காது கொடுக்கச் சொல்லித்தர நீங்கள் ஒரு ஆள். அந்த எரிச்சலோடேயே நேற்று முழுக்க அவள் பக்கத்திலேயே இருந்தேன்.

ஒரே ஒரு சொல்தான். "இருவது." அதைத்தான் இத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அது முன்பே காதில் விழுந்திருக்கிறது. ஜூன் மாதத்தில்தான் அவளுக்கு இருபது வரை எண்ணக் கற்றுக்கொடுத்தேன். படித்ததைக் கத்திக் காட்டுகிறாள், திமிர் என்று நினைத்துவிட்டேன். நேற்று எப்போதெல்லாம் கத்துகிறாள் என்று பார்த்தேன். பஸ் கிளம்பப் போகும்போது கத்துகிறாள். தாய்மார்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக வரும்போது கத்துகிறாள். என் அப்பா சாப்பிட்டு எழுந்து செருப்பை மாட்டும்போது கத்துகிறாள். யாராவது கிளம்பினால் போதும்.

சாயங்காலம் தலை வாரிவிடும்போது, எதற்குக் கண்ணு இருபது என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

"அப்பா உன்ன ஏலம் வுட்டுச்சில்ல, அப்ப நானு கேட்டேன். இருவதுன்னு கேட்டேன். அப்பாவுக்குக் கேக்கல. மூணு தரம் சொல்லிடுச்சு."

நான் எப்போது கேட்டாய் என்றேன்.

"ரெண்டு தரம் சொன்னப்பவே கேட்டேன். மெதுவாக் கேட்டுட்டேன். நீதான மெதுவாப் பேசணும்னு ஒட்டி வச்ச."

வாருவதை நிறுத்திவிட்டேன். சீப்பு கையிலேயே இருந்தது. அவளே மறுபடி கேட்டாள்.

"எனக்கு இருவதுக்கு மேல தெரியாது. இருவது பத்தலையாம்மா?"

நீங்கள் ஒருநாள் அவளைத் தோளில் வைத்து மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். யாராவது விலை கேட்டால் ஏலம் நிற்கும், சத்தமாகக் கேட்கிறவருக்குத்தான் சரக்கு என்று சொல்லிக் கொடுத்தீர்களாம். அதை நம்பினாள். அதே வாரம் நான் ஒட்டிய சார்ட்டையும் நம்பினாள். அம்மாவுக்கு விலை கேட்டாள், மெதுவாகக் கேட்டாள். அவள் குரல் பத்தாததால்தான் நான் போனேன் என்று ஏழு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த தடவை கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியப் பழகுகிறாள். அதைத்தான் நான் உலுக்கி வாயை மூடச் சொன்னேன்.

உங்களைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. இன்றைக்கு என்னைத் திட்டி முடிக்கவே நேரம் பத்தவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள், என் பிள்ளை சொன்ன ஒரு சொல்லைக் கேட்க உங்களைப் போன்ற ஒரு ஆள் கடிதம் போட வேண்டியிருந்தது. இதைவிடக் கேவலம் எனக்கு இல்லை.

கலைமதி


பாலக்கோடு
24.8.2025

கலைமதி,

நேற்று மத்தியானம் கடிதம் வந்தது. இன்று காலை பெட்டி மேல் ஏறினேன். முதல் சரக்குக்கு ஒரு தரம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. முந்நூறு பேர் என்னையே பார்க்கிறார்கள், எனக்கு வாய் திறக்கவில்லை. மாரப்பன்தான் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு அவன் ஏறினான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பதினோரு வருடத்தில் கேட்ட விலையைத் தவற விட்டதில்லை என்று உனக்கு எழுதினேன். என்ன தலைக்கனம். அன்றைக்கு வாசல் கேட்டுக்கும் பெட்டிக்கும் நாலடி. லாரி இல்லை, டிராக்டர் இல்லை, நஞ்சம்மா அக்காகூட மூச்சு விடாமல் நின்றார். அங்கே இருந்த ஒரே சத்தம் என்து. அதில்தான் என் பிள்ளை கேட்டது மூழ்கிப்போனது. மாரப்பன் விட்டது தக்காளியை. நான் விட்டது எதை என்று எழுதக் கை வரவில்லை.

நான் வார்த்தை தெரிந்தவன் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன். மூணு தரத்துக்குப் பதிலாக, போகாதே கலைமதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது வாயில் இருந்தது. நாலு பேர் சிரித்ததற்கு அப்புறம் அதைச் சொன்னால் என் மரியாதை போய்விடும் என்று கத்தினேன். கோழை என்று நீ எழுதியது சரிதான்.

மேடத்துக்கு இதைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். தப்பு இருந்தால் திருத்து.

"பாப்பா, தூரத்தில் இருக்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்று சிலர் கத்துவார்கள். அது வேலை, அதில் தப்பில்லை. பக்கத்தில் இருக்கிறவர் சொல்வது தன் காதில் விழக் கூடாது என்றும் சிலர் கத்துவார்கள். அது தப்பு. அன்றைக்கு அப்பா கத்தியது இரண்டாவது. நீ கேட்டது சரியான நேரத்தில்தான் கேட்டாய். உன் குரல் சின்னதில்லை. அப்பாவுக்குத்தான் காதில்லை. இருபது போதும்."

தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், இதோடு இருக்கிறது.

ஆனால் தாளை யாராவது படித்துக் காட்டினால் அவள் நம்ப மாட்டாள் என்று தோன்றுகிறது. அவளுக்குத் தெரிந்தது மார்க்கெட் சட்டம். ஏலக்காரன் பெட்டி மேல் ஏறித் தப்பைச் சொன்னால்தான் மூணு தரம் செல்லாமல் போகும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு வரட்டுமா? உங்கள் வீட்டு வாசலில் ஏறி மூன்று தடவை சொல்ல வேண்டும். கத்தித்தான் சொல்ல வேண்டும், மெதுவாகச் சொன்னால் செல்லாது. உனக்குப் பிடிக்காது என்று தெரியும். உன் அப்பாவுக்கும் அந்தத் தெருவுக்கும் அதைவிடப் பிடிக்காது. ஊர் சிரிக்கும். எனக்கு அது பரவாயில்லை. நீ சரி என்றால்தான் வருவேன், இல்லை என்றால் தாளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முருகேஷ்


காரிமங்கலம்
26.8.2025

மாமா,

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "அம்மாவும் பக்கத்தில்தான் நின்றாள், அம்மாவுக்கும் கேட்கவில்லை." இதை எடுக்கச் சொல்லாதீர்கள்.

சுகுணா மேடத்திடம் போனில் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்றார்.

நான் திரும்பி வருகிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதை நாம் இன்னும் பேச வேண்டும், நிறையப் பேச வேண்டும், நீங்கள் நிறையக் கேட்க வேண்டும். இது வெண்மதியின் இருபதுக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் சத்தம் இருக்கும் என்று அப்பாவிடம் நேற்று சொன்னேன். தட்டைத் தரையில் வைத்தார், இரண்டு தரம். என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து கேளுங்கள் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தார். அப்பா வெகு நேரம் கழித்து, "கொழம்பு" என்றார்.

வெண்மதிக்கு டாக்டர் சொன்ன மூன்று வாரம் இன்னும் முடியவில்லை. அதனால் அவளைக் கேட்க மட்டும் வைக்கிறேன். கேட்டுக் கம்பிக்குப் பக்கத்தில், நாலடியில் நிறுத்துகிறேன்.

பெட்டியைக் கொண்டு வாருங்கள். எத்தனைக்குக் கேட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துங்கள்.

கலைமதி